செவிலியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, செவிலியர் செய்யும் ஆய்வினால் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும். சீனியர்கள் பலரும் 'திட்டமிட்ட கற்பித்தலால் தாய்மார்களின் அறிவு உயர்கிறதா' என்ற வகையில்தான் செய்திருக்கிறார்கள். குறித்த காலத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் என்னையும் அதையே எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
(முதுநிலைச் செவிலிய மாணவி, மதுரை)

பதில்: எடுக்கலாம், தேறிவிடவும் செய்வீர்கள். ஆனால் அந்த ஆய்வால் ஒரு நோயாளிக்காவது ஏதேனும் மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழுவினருக்கு வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் இட்டு, முக்கால் மணி நேரம் படம் காட்டிப் பாடம் நடத்தி, ஏழாம் நாள் அதே வினாத்தாளை மறுபடியும் கொடுத்தால், மதிப்பெண் உயராமல் போனால்தான் வியப்பு. அவர்கள் கவனித்துக் கேட்டார்கள் என்பதை மட்டுமே அது காட்டும். பாடம் கேட்ட தாய் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தாரா, இன்சுலின் போடக் கற்றுக்கொண்டவர் ஊசி குத்தும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுகிறாரா என்பதெல்லாம் அந்த வினாத்தாளுக்குள் வராது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லாவிட்டால், மதிப்பெண் உயர்ந்ததற்கு உங்கள் பாடம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. கற்பித்தல் செவிலியரின் தலையாய பணிகளுள் ஒன்று என்பதால் அதை ஆராய்வது நல்லதே. அறிவை அளப்பதோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

தலைப்பை நூலகத்தில் தேடுவதற்கு முன்னால் வார்டில் தேடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை வார்டில் நின்று கவனித்தால், 'ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது' என்று எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வாக்கியம் சொல்லப்படுவதைப் பல இடங்களில் கேட்கலாம். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவருக்கும் அதேதான். பிற்பகல் இரண்டு மணிக்குப் போகிறவருக்கும் அதேதான். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு வரும், வேறு சிக்கல் இல்லாத நோயாளி, மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீரும், 6 மணி நேரம் முன்பு வரை எளிய உணவும் எடுத்துக்கொள்ளலாம் என்று மயக்கவியல் நெறிமுறைகள் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகின்றன. கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாக இயங்குகிறவர்கள் போன்றோருக்குக் கணக்கு வேறு. அப்படியானால் உங்கள் வார்டில் நோயாளிகள் உண்மையில் எத்தனை மணி நேரம் வாய் நனைக்காமல் கிடக்கிறார்கள்? கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரத்தையும் தியேட்டருக்குள் போன நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தாலே விடை கிடைக்கும். இதற்குப் பணமோ கருவியோ தேவையில்லை.

அங்கிருந்து ஆய்வுக் கேள்வி தானாகவே உருவாகும். யாரிடம் செய்கிறோம், என்ன செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவரின் ஒப்புதலோடு, தியேட்டர் பட்டியலின் நேரத்துக்கேற்ப ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தண்ணீர் நேரம் எழுதிக் கொடுப்பது உங்கள் செயல். வழக்கமான ஒரே அறிவுறுத்தல் ஒப்பீடு. தாகம், தலைவலி, வாந்தி, ரத்தச் சர்க்கரை ஆகியவை அளவைகள். எத்தனை பேர் தேவை என்பதைத் தொடங்குவதற்கு முன்பே புள்ளியியல் அறிந்தவரோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். 'முப்பதும் முப்பதும் அறுபது' என்று வழக்கத்தை ஒட்டி எழுதிவிடாதீர்கள். யார் எந்தக் குழு என்பதை நீங்களே தேர்ந்தெடுக்காமல், மூடிய உறைகளைக் கொண்டு குலுக்கல் முறையில் பிரியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பாகவே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிவு செய்துவிடுங்கள். 2007-இல் தொடங்கப்பட்ட அந்தப் பதிவேட்டில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. முடிவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை என்று தெரிந்தால், அதையும் அப்படியே எழுதுங்கள். சரியான முறையில் செய்யப்பட்ட ஆய்வில் 'வேறுபாடு இல்லை' என்பதும் ஒரு விடைதான். அது எப்படி நோயாளிக்குப் பயன்படும் என்பதை அடுத்த பதிலிலேயே பார்க்கலாம்.

கேள்வி: என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. அக்கம்பக்கத்தினர் ஸ்பிரிட் தடவித் தேய்த்துப் பவுடர் போடச் சொல்கிறார்கள். வாட்டர் பெட் வாங்கிவிட்டால் திருப்பவே வேண்டாம் என்கிறார் ஒருவர். மருத்துவமனையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பச் சொன்னார்கள். இரவில் நானும் கணவரும் தூங்க முடியவில்லை. எது சரி?
(இல்லத்தரசி, நாமக்கல்)

பதில்: அம்மா, நீங்கள் செய்துகொண்டிருப்பது மிகக் கடினமான பணி. முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடுவதால்தான் படுக்கைப் புண் வருகிறது. ஏற்கெனவே நசுங்கிச் சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மேலும் சேதமடையும். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும். பிரிட்டனில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர், இரு சகாக்களோடு சேர்ந்து முதியோர் வார்டுகளில் நடத்திய ஆய்வு 1962-இல் வெளிவந்தது. அந்நாளில் தோலில் பூசி வந்த பலவகைக் களிம்புகளும் கரைசல்களும் பெரிதாகப் பயன் தரவில்லை என்றும், அழுத்தத்தை நீக்கும்படி முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்றும் அது காட்டியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் வீடுகளில் பவுடர் டப்பா கட்டிலருகே இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம்மவர்களின் மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால், பின்தலை ஆகிய இடங்களைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முழுவதுமாகப் பக்கவாட்டில் திருப்பினால் பாரம் முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் செருகி, 30 டிகிரி அளவுக்குச் சற்றே சாய்த்து வைத்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணையை வைத்துக் குதிகால் எதிலும் படாதபடி தொங்கவிடுங்கள். வளையம் போன்ற ரப்பர் காற்றுத் தலையணை வேண்டாம். நடுவில் அழுத்தம் இல்லாவிட்டாலும் விளிம்பு முழுவதும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துவிடும். நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். இரண்டாக மடித்த பருத்திப் போர்வையை இடுப்புக்குக் கீழே விரித்து, இருவரும் இருபக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உணவு கொடுக்கும்போது புரையேறாமல் இருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தத்தான் வேண்டும். உணவு இறங்கிய பின் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், உடல் கீழே சரியும்போது தோல் இழுபட்டுப் புண்ணாகும். சிறுநீர் பட்ட துணியை உடனே மாற்றி, ஈரத்தை ஒற்றி எடுத்து, வாசலின் போன்றதை மெல்லியதாகப் பூசுங்கள். முட்டை, பருப்பு, தயிர் என்று புரதம் தினமும் உள்ளே போக வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். இரண்டு மணிக்கு ஒருமுறை என்ற விதி நெடுங்காலம் சோதிக்கப்படாமலேயே இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில், புண் வரும் அபாயம் உள்ள 942 பேரை அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்க வைத்து, 2 மணி, 3 மணி, 4 மணிக்கு ஒருமுறை திருப்புவதாக மூன்று குழுக்களாகப் பிரித்து மூன்று வாரம் கவனித்தார்கள். 2013-இல் வெளிவந்த அந்த முடிவில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஆய்வை நடத்திய நான்சி பெர்க்ஸ்ட்ராம் ஒரு செவிலியர். புண் அபாயத்தை மதிப்பிட இன்று உலகெங்கும் பயன்படும் பிரேடன் அளவுகோலை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆனால் அவர்கள் சேர்த்தது அதுவரை புண் இல்லாதவர்களை; உங்கள் மாமியாருக்குச் சிவப்பு வந்துவிட்டது. ஆகவே சிவந்த பக்கத்தில் பாரம் படவே கூடாது. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையோ, காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட்டோ இருந்தால், இரவில் மட்டும் இடைவெளியை 3 மணியாக்கிப் பாருங்கள். காலையில் எந்த எலும்பின் மேலாவது புதிதாகச் சிவந்து, அழுத்தியும் வெளுக்காமல் இருந்தால் அந்த இடைவெளி அவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். எந்த மெத்தையானாலும் திருப்புவதற்கு மாற்றாகாது; வாட்டர் பெட்டுக்கும் இது பொருந்தும். தோல் உரிந்தாலோ, கருத்தாலோ, சீழும் நாற்றமும் காய்ச்சலும் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் மூன்று நாளானால் கேனுலா (மருந்து ஏற்றுவதற்காக ரத்தக் குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிட்டு வேறு கையில் போட வேண்டும் என்பது விதி. நரம்பு கிடைக்காத முதியவர்களைத் திரும்பத் திரும்பக் குத்துவது வேதனையாக இருக்கிறது. இதற்கு ஆதாரம் உண்டா?
(வார்டு செவிலியர், கோயம்புத்தூர்)

பதில்: உங்களைப் போலவே ஆஸ்திரேலியாவிலும் ஒரு செவிலியர் கேட்டார். கிளேர் ரிக்கார்ட் என்ற அந்தச் செவிலியப் பேராசிரியரின் குழு, குவீன்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் கேனுலா மாற்றப்பட்டது. மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு, கசிவு என்று காரணம் வந்தால் மட்டுமே மாற்றப்பட்டது. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, ரத்தக்குழாய் அழற்சி இரு பிரிவிலும் 7 விழுக்காடுதான். அதன்பின் பல நாடுகளில் நாள் கணக்கை விட்டுவிட்டுத் தேவையைப் பார்த்து மாற்றும் வழக்கம் வந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அரை உண்மையாகிவிடும். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இந்தப் புதிய வழக்கத்துக்கு மாறியபின் கேனுலா வழியாக வரும் ரத்தத் தொற்று கூடியதாக 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது குலுக்கல் முறை ஆய்வு அன்று, முன்னும் பின்னும் ஒப்பிட்ட கவனிப்பு ஆய்வு. இருந்தாலும், கேனுலா இருக்கும் இடத்தை ஒழுங்காகப் பார்க்கிற வார்டில்தான் நாள் கணக்கை விடுவது பாதுகாப்பு என்ற எச்சரிக்கையை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு செவிலியர் அளவுக்கு மீறிய நோயாளிகளைப் பார்க்கும் வார்டில், மூன்றாம் நாள் விதியே மறந்துபோன கேனுலாவைக் கண்டெடுக்க உதவும்.

விதியை நீங்களாக மீற வேண்டாம். தொற்றுத் தடுப்புக் குழுவிடம் ஒரு முன்மொழிவு கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் பொறுப்பு ஒப்படைக்கும்போது இரு செவிலியரும் சேர்ந்து ஊசி இடத்தைப் பார்த்து, 0 முதல் 5 வரையிலான அழற்சி மதிப்பெண்ணைக் குறிக்க வேண்டும். 2 வந்தால் எடுத்துவிட வேண்டும். இதற்கு உள்ளே தெரியும்படியான ஒளிபுகும் ஒட்டு தேவை. வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றி மூடிவிட்டால் யாரும் எதையும் பார்க்க முடியாது. போட்ட தேதியும் நேரமும் ஒட்டின் மேலேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி மருந்து முடிந்த பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்கும் கேனுலாக்களை எண்ணிப் பாருங்கள். தேவையற்ற கேனுலாவை அன்றே எடுப்பதை எதிர்க்க எந்த ஆய்வும் இல்லை.

கேள்வி: என் சிறுவயதில் செவிலியர் என்றால் கனிவு, பொறுமை, சேவை. இன்று பட்டம், முதுநிலை, முனைவர் என்று போகிறார்கள். ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் இவ்வளவு படிப்பும் ஆராய்ச்சியும் எதற்கு?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, கனிவின் அடையாளமாக நாம் கொண்டாடும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடமிருந்தே தொடங்கலாம். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் துருக்கியிலிருந்த ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்குப் போன அவர், விளக்கேந்தி நடந்ததோடு நிற்கவில்லை; இறப்புகளை எண்ணினார். வீரர்களில் பெரும்பாலோர் போர்க் காயத்தால் அல்ல, தடுத்திருக்கக் கூடிய நோய்களால் மாண்டார்கள் என்பதை 1858-இல் வண்ண வரைபடமாக்கி அரசின் முன்வைத்தார். அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் ஆனார். அவரைப் பொறுத்தவரை எண்ணுவதும் சேவையின் பகுதியாகவே இருந்தது. நம் நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பு 1946-இல் டெல்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிவிட்டது. ஆகவே இது இன்று நேற்று வந்த மோகம் அன்று.

படிப்பினால் நோயாளிக்கு என்ன என்பதற்கு நேரடியான விடையும் உண்டு. லிண்டா ஐக்கன் என்ற செவிலிய ஆய்வாளரும் அவரது சகாக்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், சாதாரண அறுவைச் சிகிச்சைகளுக்கு வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடினால், அந்த வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை ஐயமின்றி நிறுவவில்லை என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைப் பற்றி 2002-இலும் 2003-இலும் அதே குழு வெளியிட்டதும் ஏறத்தாழ இதுவேதான்.

காரணம் என்னவாக இருக்கும் என்பதை வார்டில் நின்றால் புரிந்துகொள்ளலாம். வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் படுத்திருப்பவருக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை; மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 16-லிருந்து 26 ஆகியிருக்கிறது. நுரையீரலிலோ தையல் போட்ட குடலிலோ சிக்கல் தொடங்குகிறது என்பதற்கு அது பெரும்பாலும் முதல் அறிகுறி. ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணினால்தான் அது தெரியும். முப்பது பேரைப் பார்க்கும் செவிலியருக்கு அந்த நிமிடம் கிடைப்பதில்லை. எல்லார் தாளிலும் 18 அல்லது 20 என்று எழுதப்படுகிறது. நிமிடம் கிடைத்தாலும், 26 என்பதன் பொருள் தெரிந்து, நள்ளிரவில் மருத்துவரை எழுப்பி 'இப்போதே வந்து பாருங்கள்' என்று உறுதியோடு சொல்லப் படிப்பு வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரையறுத்தது. 2005 முதல் பொது வார்டில் அது 5. நம் ஊரில் இரவுப் பணியில் ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை பேர் என்பது வார்டில் படுத்து எழுந்த எல்லாரும் அறிந்ததே. உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, செவிலியர் ஏன் இவ்வளவு படிக்கிறார் என்பதைவிட, படித்தவரிடம் ஏன் இவ்வளவு பேரை ஒப்படைக்கிறார்கள் என்பதாக இருந்தால் மகிழ்வேன்.

கேள்வி: மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது ஒரு மாணவி தன் ஆய்வுக்காகக் கையெழுத்துக் கேட்டார். போடவில்லையென்றால் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயந்து போட்டுவிட்டேன். மறுத்திருக்கலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: தாராளமாக மறுத்திருக்கலாம். காரணமும் சொல்லத் தேவையில்லை. கையெழுத்திட்ட பிறகுகூட எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் உறுதியாகச் சொல்கின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில் ஆய்வு விளக்கத் தாள் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். ஐயம் எழுந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். மாணவிகளுக்கும் ஒரு சொல்: காலையில் ஊசி போட்ட அதே கையால் மாலையில் ஒப்புதல் தாளை நீட்டினால், நோயாளியால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. அவரது சிகிச்சையில் பங்கில்லாத வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டாரோடு பேச ஒரு நாள் அவகாசமும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பொம்மைகளை வைத்துப் பயிற்சி தரும் ஆய்வகம் அமைத்திருக்கிறார்கள். நோயாளியிடம் பழகாமல் பொம்மையிடம் பழகினால் நல்ல செவிலியர் உருவாவாரா?
(செவிலியக் கல்லூரி விரிவுரையாளர், சேலம்)

பதில்: அமெரிக்காவின் செவிலிய வாரியங்களின் தேசியக் குழு, பத்துக் கல்லூரிகளில் மாணவர்களை மூன்றாகப் பிரித்து, வார்டுப் பயிற்சி நேரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல், 25, 50 விழுக்காடு என்று, உண்மைச் சூழலைப் போலச் செய்து பழகும் பாவனைப் பயிற்சியைப் புகுத்திப் பார்த்தது. 2014-இல் வந்த முடிவில், உரிமத் தேர்வுத் தேர்ச்சியிலும் வேலைக்குச் சேர்ந்தபின் மேலாளர்கள் தந்த மதிப்பீட்டிலும் மூன்று பிரிவுகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அங்கே பயிற்றுநர்களுக்கு முறையான பயிற்சி இருந்தது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் ஆய்வகத்தில் அந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பின் திடீர் ரத்தப்போக்கு, இதயத் துடிப்பு நிற்றல் போன்றவற்றைச் சில மாணவர்கள் தம் வார்டுப் பயிற்சிக் காலத்தில் ஒருமுறைகூடப் பார்க்காமலே போகலாம். அவற்றைப் பொம்மையிடம் பலமுறை பழகிவிட்டு வருவது நோயாளிக்கு நல்லது. வலியில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை வார்டில்தான் கற்க முடியும்.

கேள்வி: 1,600 கிராம் எடையில் எங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைச் செவிலியர்கள் வலியுறுத்துகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களோ, கண்ணாடிப் பெட்டியில் வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள்.
(இளந்தந்தை, தருமபுரி)

பதில்: செவிலியர்கள் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. இம்முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் (நீங்கள் சொல்லும் கண்ணாடிப் பெட்டிகள்) போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. அதனால் வசதியற்றவர்களுக்கான மாற்று என்றே பலர் இன்னும் நினைக்கிறார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில், 1 கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. ஒரு பிரிவில் குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். மற்றப் பிரிவில் வழக்கப்படி முதலில் இன்குபேட்டரிலோ வெப்பமூட்டும் வார்மரிலோ வைத்து, நிலை சீரான பிறகு கங்காரு முறையைத் தொடங்கினார்கள். 28 நாளுக்குள் இறப்பு முதல் பிரிவில் 12 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 15.7 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021-இல் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் போட்டு, தாயின் இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், தோலோடு தோல் படும்படி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடங்காமல் சற்றே நிமிர்ந்திருந்தால்தான் மூச்சுக் குழாய் திறந்திருக்கும். இதைச் செவிலியரிடம் கேட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வைத்து எடுத்துவிடுவதில் பயன் குறைவு. இயன்ற அளவு நாளெல்லாம், குறைந்தது 8 மணி நேரமாவது வைக்க வேண்டும். உங்கள் மனைவி குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் உறங்கும்போதும் நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பணியை ஏற்றுக்கொள்ளலாம். பாட்டியும் செய்யலாம், பெரியவர்களின் அச்சமும் அதனால் தீரும். வீட்டுக்கு வந்த பிறகும் எடை 2.5 கிலோவை நெருங்கும் வரை தொடருங்கள். குழந்தையே நெளிந்து, கைகால்களை வெளியே இழுத்து, இருக்க மறுக்கத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். அதன் பிறகும் குளிப்பாட்டியவுடனும் குளிர் மிகுந்த இரவுகளிலும் சிறிது நேரம் அணைத்து வைப்பது நல்லது.